வன்னியில இருந்து தியவன்னாவுக்கு: சபை உறுப்பினர் எம்பி ஆனா என்ன மாறுது?

2024 நவம்பர் 14 பாராளுமன்ற எலக்சன்தான் என்ர மருமகளுக்கு, தங்கச்சியின்ர மகளுக்கு, முதல் வோட். போட்டிட்டு விரல்ல மையோட நேர எங்கட வீட்டை வந்தவள், தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிச்சுக்கொண்டு கேட்டாள், "மாமா, நான் போட்ட ஆள் வெண்டா அம்மம்மா வீட்டு ரோட்டு வரும்தானே?" அவள் போட்ட ஆள் முந்தி பிரதேச சபையில இருந்தவர், அந்த ரோட்டுக்கு அரைவாசி மட்டும் கிரவல் பறிச்சு ரோலர் விட்டுத் தந்தவர், மிச்ச அரைவாசி மாரிக்கு உழுத வயல் மாதிரித்தான் கிடக்கும். நான் யோசிக்காமச் சொல்லிப்போட்டன், "வெண்டா வராது பிள்ளை, தோத்தா வந்தாலும் வரும்."

பகிடி விடுறன் எண்டு நினைச்சிட்டாள். ஆனா நான் பகிடி விடேல்ல, அதை அவளுக்கு விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் முழுக்கப் போச்சுது, அதைத்தான் இஞ்ச எழுதிறன். ஊர் எது, ஆள் ஆர் எண்டு மட்டும் கேக்காதேங்கோ, நாளைக்கு நானும் அந்த ஒழுங்கையால போகோணும்.

முதல்ல 'வன்னி' எண்ட சொல்லையே பிரிச்சு விளங்க வேணும். நாங்கள் கதைக்கேக்க ஆனையிறவு தாண்டினா வன்னிதான், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாம் அதுக்குள்ள வரும். ஆனா எலக்சன் கணக்கில வன்னித் தேர்தல் மாவட்டம் எண்டா மன்னார், முல்லைத்தீவு, வவுனியா மூண்டும்தான். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோட போகுது. ஏனெண்டா 1978 அரசியலமைப்பு வரேக்க கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின்ர ஒரு பகுதி, தனி மாவட்டமா வந்தது 1984ல. கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், தனியா வந்தது, வோட் மட்டும் பழைய இடத்திலயே நிண்டிட்டுது.

இது பேப்பர்ல எழுதி வைச்ச சங்கதி இல்லை, எங்கட வீட்டுக்குள்ளயே இருக்கு. நான் தர்மபுரம், தங்கச்சி கட்டிப்போனது விசுவமடு. ரெண்டும் ஏ35 ரோட்டில பக்கத்துப் பக்கத்து ஊர், சைக்கிள்ல போய் மீன் வாங்கிக்கொண்டு வரலாம். ஆனா தர்மபுரம் கிளிநொச்சி மாவட்டம், விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம். அதால நான் வோட் போடுற பட்டியல்ல நல்லூர், சாவகச்சேரி, பருத்தித்துறையில வோட் கேக்கிற ஆக்கள், மருமகள் போடுற பட்டியல்ல மன்னார், வவுனியா ஆக்கள். ஒரே குளத்தில தோயிற சனம், ரெண்டு வேற எம்பிமார்.

இதால வாற சிக்கலுக்கு இரணைமடுதான் நல்ல உதாரணம். இரணைமடுக் குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுபோற திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கிக் காசோட வந்தப்ப கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தவை, சிறுபோகத்துக்கே எங்களுக்குத் தண்ணி காணாது, இதில நீங்கள் வேற குழாய் போடப் போறியளோ எண்டு. யாழ்ப்பாணத்துப் பக்கம் கிணத்துத் தண்ணி உப்பாயும் பழுதாயும் போற பிரச்சினை, அதுவும் பொய் இல்லை. கிளிநொச்சியில சபை உறுப்பினரா இருக்கிற ஆள் இதில நெஞ்சை நிமித்திக்கொண்டு விவசாயியின்ர பக்கம் நிக்கலாம், அவருக்கு வோட் போடுறது வயல்காரன்தான். அதே ஆள் எம்பி ஆகோணும் எண்டா யாழ்ப்பாணத்தில தண்ணிக் கானோட நிக்கிற அம்மாட்டயும் வோட் கேக்கோணும். ஒரு வாயால ரெண்டு பக்கமும் எப்பிடிக் கதைக்கிறது? பிறகு தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையம் கட்டினதால அந்தச் சூடு கொஞ்சம் தணிஞ்சுது. ஆனா உள்ளூரில நிக்கேக்க ஒரு பக்கம் நிண்டு கதைக்கலாம், மேல போனா அது ஏலாது எண்டதுக்கு இதை விட வடிவான உதாரணம் எனக்குத் தெரியேல்ல.

சரி, அடியில இருந்து வருவம்.

அடியில இருக்கிறது பிரதேச சபை. இதையும் பிரதேச செயலகத்தையும் படிச்ச ஆக்களே குழப்புவினம். டிஎஸ் ஒஃபிஸ் எண்டு நாங்கள் சொல்லுறது பிரதேச செயலகம், அது கொழும்பு அரசாங்கத்தின்ர கை, ஜிஎஸ்மார் எண்ட கிராம அலுவலர்மார், காணி அலுவல், அஸ்வெசும எண்ட அரச உதவிக் காசு எல்லாம் அந்தப் பக்கம், அங்க இருக்கிற ஒருத்தரும் எங்கட வோட்டில வந்தவை இல்லை. பிரதேச சபை எண்டது 1987ம் ஆண்டு 15ம் இலக்கச் சட்டத்தால வந்தது, அதுக்குத்தான் நாங்கள் ஆளை அனுப்பிறம். எங்கட கண்டாவளைப் பக்கத்துச் சனத்துக்கு இது இன்னும் குழப்பம், டிஎஸ் ஒஃபிஸ் கண்டாவளைக்குத் தனிய இருக்கு, ஆனா சபை கரைச்சி. கிளிநொச்சி மாவட்டத்தில செயலகம் நாலு, சபை மூண்டு. குப்பை எடுக்க வரேல்ல எண்டு டிஎஸ் ஒஃபிஸ் வாசல்ல போய் நிண்டு பேச்சு வாங்கிக்கொண்டு வந்த ஆக்களை எனக்குத் தெரியும், அதில ஒராள் நான்தான்.

சபையின்ர வேலை எல்லாம் கண்ணுக்கு முன்னால தெரியிற வேலை. ஊர் ரோட்டு, தெருவிளக்கு, சந்தை, சுடலை, வாசிகசாலை, குப்பை, வீடு கட்ட அனுமதி. உறுப்பினர் எண்டவர் ரெண்டு மூண்டு ஊர் சேர்ந்த ஒரு வட்டாரத்தில இருந்து வருவார், கொஞ்சப் பேர் கட்சி எடுத்த வோட்டு வீதத்தைப் பாத்து பட்டியல்ல இருந்தும் வருவினம், கணக்கு 60க்கு 40. அவற்ற வீடு தெரியும், அவற்ற மோட்டர் சைக்கிள் நம்பர் தெரியும், செத்த வீட்டில பந்தல் போடேக்க கயிறு பிடிக்கிறவர். மதகு உடைஞ்சா விடிய ஆறு மணிக்குப் படலையில போய் நிண்டு "என்ன தம்பி உது" எண்டு கேக்கலாம். அவரும் சபைக் கூட்டத்தில கையை உயர்த்தி, தவிசாளரோட மல்லுக்கட்டி, பெக்கோவையும் ரோலரையும் தன்ர வட்டாரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்திடுவார். அதிகாரம் சின்னன்தான், ஆனா அது அவற்ற கைக்குள்ள இருக்கு.

ரோட்டைப் பற்றி இஞ்ச ஒருக்காச் சொல்லோணும், ஏனெண்டா வன்னியில அரசியல் எண்டா பாதி ரோட்டுத்தான். ஏ9, ஏ35, மாங்குளம் முல்லைத்தீவு ஏ34 மாதிரி 'ஏ', 'பி' வகுப்பு ரோட்டு எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அது மத்திய அரசு. 'சி', 'டி' வகுப்பு மாகாணத்துக்கு. அதுக்குக் கீழ இருக்கிற ஒழுங்கை, குச்சொழுங்கை எல்லாம் சபைக்கு. அம்மம்மா வீட்டு ரோட்டு கடைசி வகை. அதுக்கு ஜனாதிபதிக்குக் கடிதம் போட்டாலும் அது சுத்திச் சுத்தி அதே சபையின்ர மேசைக்குத்தான் வந்து சேரும்.

நடுவில இருக்கிறது மாகாண சபை. 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு 13வது திருத்தத்தால வந்தது. வடக்குக்கெண்டு தனியா எலக்சன் நடந்தது ஒரே ஒருக்காத்தான், 2013 செப்டெம்பர் 21ல. 38 ஆசனம், அதில யாழ்ப்பாணம் 16, வவுனியா 6, முல்லைத்தீவு 5, மன்னார் 5, கிளிநொச்சி 4, மிச்சம் 2 போனஸ். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 30 எடுத்தது. கவனிச்சீங்களோ, மாகாண சபைக்கு கிளிநொச்சி கிளிநொச்சியாவே நிண்டு வோட் போடலாம், யாழ்ப்பாணத்தோட சேரத் தேவையில்லை. வன்னி நாலு மாவட்டமும் தன்ர தன்ர பேர்ல கதைச்ச ஒரே சபை அதுதான். 2018 ஒக்டோபரில காலம் முடிஞ்சுது, அதுக்குப் பிறகு எலக்சன் இல்லை. 2017ல தேர்தல் முறையை மாத்தினவை, எல்லை பிரிச்ச அறிக்கை 2018ல பாராளுமன்றத்தில தோத்துப்போச்சு, பழைய முறைக்கும் போகேல்ல, புது முறையும் வரேல்ல. இப்ப ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநரும் அதிகாரிமாரும்தான் நடத்துகினம். என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்திலயும் பெரிய அநியாயம், ஆனா ரோட்டுக்குக் கத்திற அளவுக்கு ஆரும் இதுக்குக் கத்திறேல்ல.

ஏன் இது முக்கியம் எண்டா, சின்ன இடத்தில வேலை பழகின ஆள் பெரிய இடத்துக்குப் போகமுதல் நிக்கிற படி அது. அங்க நிண்டு ஏறின ஆக்கள் எங்களிட்டயே இருக்கினம். 2013ல முல்லைத்தீவில வெண்ட டாக்டர் சிவமோகன் 2015ல வன்னி எம்பி ஆனவர். அதே முல்லைத்தீவில மாகாண சபைக்கு வெண்ட துரைராசா ரவிகரன், காணிப் பிரச்சினை, குருந்தூர்மலைக் கோயில் பிரச்சினை எண்டு முன்னுக்கு நிண்ட ஆள், 2024ல தமிழரசுக் கட்சியின்ர வீட்டுச் சின்னத்தில எம்பி. மாகாண சுகாதார அமைச்சரா இருந்த வவுனியா டாக்டர் சத்தியலிங்கம் அதே வருசம் தமிழரசுக் கட்சியின்ர தேசியப் பட்டியலால போனவர். முதலமைச்சரா இருந்த விக்னேஸ்வரன் ஐயா 2020ல யாழ்ப்பாணத்தில இருந்து போனவர், ஆனா அவர் கீழ இருந்து ஏறின ஆள் இல்லை, உயர் நீதிமன்ற நீதியரசரா இருந்து இறங்கி வந்து பிறகு ஏறினவர், அது தனிக் கதை.

அதுக்கும் முந்தின ஒரு கதை எங்கட கிளிநொச்சியில இருக்கு. ஆனந்தசங்கரி ஐயா. 1960களில கரைச்சி கிராம சபை, பிறகு கிளிநொச்சி பட்டின சபை எண்டு உள்ளூரில நிண்டவர், 1970ல கிளிநொச்சித் தொகுதிக்கு எம்பி ஆனவர், 1977ல திரும்பவும் வெண்டவர். அப்ப தொகுதி முறை, ஒரு தொகுதிக்கு ஒரு எம்பி, கிளிநொச்சிச் சனம் வோட் போட்டா கிளிநொச்சி ஆள்தான். 1983ல 6வது திருத்தம் வந்து பிரிவினைக்கு எதிரா சத்தியம் எடுக்கோணும் எண்டு சொல்ல, தமிழர் விடுதலைக் கூட்டணிக்காரர் எல்லாம் எடுக்காம ஆசனத்தை இழந்தவை, அதில அவரும் ஒராள். பிறகு 2000ல பாராளுமன்றம் போகேக்க யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தாலதான் போகவேண்டி வந்தது. ஒரே ஆள், ஒரே ஊர், ஆனா ஏறின பாதை ரெண்டு. அவற்ற மகன் கரி ஆனந்தசங்கரி 2015ல கனடாவில எம்பி ஆகி பிறகு அங்க அமைச்சரும் ஆகிட்டார். எங்கட பெடியளுக்கு ஒட்டாவா போற ரோட்டு கொழும்பு ரோட்டை விட நேர் போல எண்டு சந்தியில பகிடி விடுறவை.

சிங்களப் பக்கத்தில பாத்தா இந்த ஏணியின்ர உச்சம் சந்திரிகா. 1993 மேயில மேல் மாகாண முதலமைச்சர், 1994 ஓகஸ்டில பிரதமர், நவம்பரில ஜனாதிபதி. ஒண்டரை வருசம். இந்தியாவிலயும் கர்நாடகா முதலமைச்சரா இருந்த தேவகௌடா 1996ல பிரதமர், குஜராத் முதலமைச்சரா இருந்த மோடி 2014ல பிரதமர். மருமகள் உடன கேட்டாள், "அப்ப எங்கட முதலமைச்சர் ஏன் அப்பிடி வரேலாது?" நல்ல கேள்விதான். கொழும்பைச் சுத்தி இருக்கிற மாகாணத்தை வெல்லுறதும் வடக்கை வெல்லுறதும் ஒண்டில்லை பிள்ளை, வோட்டுத் தொகையும் ஒண்டில்லை, கட்சியும் ஒண்டில்லை எண்டு சொல்லி நிப்பாட்டினனான். அதுக்கு மேல போனா தேத்தண்ணி ஆறிடும்.

இனி ஏறுறது எப்பிடி எண்டு பாப்பம். பாராளுமன்றத்தில 225 பேர், 196 பேர் மாவட்டங்களில இருந்து, 29 பேர் நாடு முழுக்கக் கட்சி எடுத்த வோட்டைப் பாத்துக் குடுக்கிற தேசியப் பட்டியலால. வன்னிக்கு 6 ஆசனம். 6க்கு ஒரு கட்சி 9 பேரை நிப்பாட்டும், ஆசனத்தோட மூண்டு கூட. நீங்கள் முதல்ல கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி போடோணும், பிறகு அந்தப் பட்டியல்ல மூண்டு பேருக்கு மட்டும் விருப்பு வாக்கு போடலாம். மாவட்டத்தில கூட வோட் எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம், 5 வீதத்துக்குக் கீழ எடுத்த கட்சி கழிஞ்சிடும், மிச்ச 5 ஆசனத்தையும் வோட்டு அளவுக்குப் பிரிப்பினம். 2024ல வன்னியில என்ன நடந்தது எண்டா, திசைகாட்டிச் சின்னத்துத் தேசிய மக்கள் சக்திக்கு போனஸோட சேர்த்து 2, வீடு (தமிழரசு), சங்கு (ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி), தொலைபேசி (ஐக்கிய மக்கள் சக்தி), தொழில் கட்சி எண்டு நாலு கட்சிக்கு ஒவ்வொண்டு. 6 ஆசனம், 5 கட்சி. வேற மாவட்டத்தில இப்பிடித் துண்டு துண்டாப் போறது குறைவு.

இதில சபை உறுப்பினருக்கு என்ன கஷ்டம் எண்டா, அவற்ற பேர் தெரிஞ்சது ஒரு வட்டாரத்துக்கு. இப்ப அவர் போக வேண்டியது கிழக்குக் கரையில கொக்கிளாய் தொடக்கம் மேற்குக் கரையில தலைமன்னார் மட்டும், நடுவில நெடுங்கேணி, செட்டிகுளம், மடு, முசலி, மூண்டு லட்சத்துக்கு மேல வோட். தமிழ்ச் சனம், முஸ்லிம் சனம், வவுனியா தெற்கில சிங்களச் சனம், மன்னாரில கடல் தொழில், முல்லைத்தீவில கடலும் வயலும். தன்ர ஊரில "கிரவல் போட்டுத் தந்தவர்" எண்டு கைகாட்டுவினம், தலைமன்னார்ல அவரை ஆர் எண்டு கேப்பினம். அதோட போட்டி மற்றக் கட்சியோட மட்டும் இல்லை, தன்ர பட்டியல்ல இருக்கிற மற்ற எட்டுப் பேரோடயும்தான். கட்சிக்கு ஒரு ஆசனம்தான் வரும் எண்டா 9 பேரும் பகல்ல ஒரே மேடையில கை கோத்து நிண்டிட்டு இரவில ஆளுக்கு ஆள் நோட்டிசுக்கு மேல நோட்டிஸ் ஒட்டுவினம். வான், டீசல், நோட்டிஸ், கூட வாற பெடியளுக்குச் சாப்பாடு, இதெல்லாம் சபை உறுப்பினரின்ர கைக்காசில ஏலுற அலுவல் இல்லை. அப்ப கட்சியிட்டயோ வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரரிட்டயோ கை நீட்டோணும், கை நீட்டினா பிறகு அவை சொல்லுறதையும் கேக்கத்தான் வேணும்.

அதாலதான் கனபேர் சபையால ஏறாம நேர வருகினம். டாக்டர், அதிபர், சட்டத்தரணி எண்டா பேர் ஏற்கனவே நாலு ஊரில தெரியும். கிளிநொச்சியைச் சேர்ந்த எம்பி சிறீதரன் அதிபரா இருந்தவர், 2010ல இருந்து வெண்டுகொண்டு வாறார். படிப்பிச்ச பிள்ளையளின்ர வீட்டு வோட் எண்டது சின்ன விசயம் இல்லை.

ஆரோ ஒருத்தர் இவ்வளவும் தாண்டி வெண்டிட்டார் எண்டு வைப்பம். மாகாண சபையில இருந்தா அந்த ஆசனத்தை விடோணும், ரெண்டிலயும் இருக்கேலாது. இரவு பஸ் ஏறி விடிய வெள்ளவத்தையில இறங்கி, ஆட்டோ பிடிச்சோ வாகனத்திலயோ கோட்டேக்குப் போனா, தியவன்னா ஓயா நடுவில அந்தப் பாராளுமன்றக் கட்டிடம். மாசத்தில ரெண்டு கிழமை, செவ்வாய் தொடக்கம் வெள்ளி மட்டும் அமர்வு. தமிழ்ல கதைக்கலாம், அமைச்சர் காதில கருவியை மாட்டி மொழிபெயர்ப்பில கேப்பார், கேக்காமலும் இருப்பார். கதைக்கக் கிடைக்கிறது சில நிமிசம், கட்சிக்கு ஒதுக்கின நேரத்தில இருந்து பிரிச்சுத் தாறது, மணி அடிச்சா இருக்கோணும்.

இப்ப அவற்ற கையில என்ன இருக்கு எண்டு எண்ணிப் பாருங்கோ. கேள்வி கேக்கலாம், அதுக்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆகோணும், அது ஹன்சாட் எண்ட பாராளுமன்றப் பதிவேட்டில நிரந்தரமா நிக்கும். சட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் கை உயர்த்தலாம், உயர்த்தாமலும் விடலாம். ஊரில மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில, அதுதான் டிசிசி மீட்டிங், ஜிஏ எண்ட அரசாங்க அதிபர் தொடக்கம் எல்லாத் திணைக்கள ஆக்களையும் முன்னுக்கு வைச்சுக் கேக்கலாம். ஆனா அந்தக் கூட்டத்துக்குத் தலைவரா இருக்கிறது வழக்கமா ஆளும் கட்சி ஆள். எதிர்க்கட்சி எம்பி ஒரு ரோலரைக் கூட "நாளைக்கு அங்க போ" எண்டு அனுப்பேலாது. சபை உறுப்பினரா இருக்கேக்க எடுத்த போனில நடந்த வேலைக்கு இப்ப கடிதத் தலைப்பில எழுதி, பிரதி பிரதியா அனுப்பி, ஆறு மாசம் பாக்கோணும்.

இதைத்தான் சனம் "மேல போனவுடன ஆளே மாறிட்டார்" எண்டு சொல்லுது. சில பேர் உண்மையா மாறித்தான் போகினம், கண்ணாடி ஏத்தின வாகனத்தில ஊருக்குள்ள வாற ஆக்களை நானும் பாத்திருக்கிறன், அதுக்கு வக்காலத்து வாங்க வரேல்ல. ஆனா கனக்க இடத்தில மாறினது ஆள் இல்லை, அவற்ற கையில இருக்கிற சாமான். மண்வெட்டி வைச்சிருந்தவரிட்ட ஒலிவாங்கியைக் குடுத்திட்டம், ஏன் வாய்க்கால் வெட்டேல்ல எண்டு கேக்கிறம்.

மறுபக்கம், மண்வெட்டியால செய்யவே ஏலாத அலுவலும் இருக்கு. வன்னியில இப்ப பெரிய பிரச்சினை காணி. வனவளத் திணைக்களம், தொல்லியல் திணைக்களம், மகாவலி அதிகார சபை, படை எல்லாம் மத்திய அரசுக்குக் கீழ. காணி எண்ட விசயம் 13வது திருத்தத்தில மாகாணப் பட்டியல்ல இருக்கு எண்டாலும் அரச காணி மத்திய அரசிட்டதான் எண்டு அதுக்குள்ளயே முடிச்சும் போட்டு வைச்சிருக்கினம். முல்லைத்தீவுக் கேப்பாப்புலவில சனம் 2017ல படையிட்ட இருந்த காணிக்காக ரோட்டோரம் குந்தி இருக்கேக்க பிரதேச சபையால ஒண்டும் செய்யேலாது, அது கொழும்பில முடிவாகிற விசயம். ஆரோ ஒருத்தர் அங்க நிண்டு, இந்த வர்த்தமானியை ஆர் போட்டது, எந்த அளவைப் படத்தை வைச்சுப் போட்டது எண்டு கேக்கோணும். அதுக்குத்தான் எம்பி.

அடுத்த படி அமைச்சுப் பதவி. இது எங்கட அரசியல்ல எழுபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஓடுற சண்டை. தொடக்கமே வவுனியாவில இருந்துதான். 1947ல வவுனியாத் தொகுதியில சுயேச்சையா வெண்டவர் சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், ஆள் உரும்பிராய், வன்னியில கேட்டு வெண்டவர். டி. எஸ். சேனநாயக்காவின்ர முதல் அமைச்சரவையில வர்த்தக அமைச்சர் ஆகி, மலையகச் சனத்தின்ர குடியுரிமைப் பிரச்சினையில 1948லயே விட்டிட்டு வெளியில வந்தவர். அதே வருசம் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் உள்ள போய் கைத்தொழில் அமைச்சர். அதில கோவிச்சுப் பிரிஞ்சு செல்வநாயகம் 1949ல தமிழரசுக் கட்சியைத் தொடங்கினவர். எங்கட பெரியாக்கள் இப்பவும் பரந்தன் கெமிக்கல் தொழிற்சாலைப் பக்கத்தால போகேக்க, இது ஜீ. ஜீ. அமைச்சரா இருந்த காலத்து வேலையடா எண்டு சொல்லுவினம், சொல்லிப்போட்டு அடுத்த வாயில அவற்ற குடியுரிமை வோட்டுக்குத் திட்டுவினம். ரெண்டும் ஒரே ஆள்தான்.

பிறகு தமிழரசுக் கட்சியும் 1965ல திருச்செல்வத்தை உள்ளூராட்சி அமைச்சரா விட்டுப் பாத்தது, 1968ல வெளியில வந்திட்டினம். 2015ல கூட்டமைப்பு அரசாங்கத்துக்கு ஆதரவு, ஆனா அமைச்சு வேண்டாம், சம்பந்தன் ஐயா எதிர்க்கட்சித் தலைவர். வன்னியில ரிஷாத் பதியுதீன் வேற வழி, 1990ல மன்னாரில இருந்து வெளியேற்றப்பட்ட சனத்தில ஒராள், 2001ல வன்னி எம்பி, மீள்குடியேற்ற அமைச்சர், பிறகு கைத்தொழில் வர்த்தக அமைச்சர். அமைச்சுக்குள்ள போன ஆள் தன்ர சனத்துக்கு வீடு, ரோட்டு எண்டு இழுக்கலாம், ஆனா அரசாங்கம் கொண்டுவாற சட்டத்துக்குக் கையும் உயர்த்தோணும். வெளியில நிக்கிறவர் மனம் போலக் கதைக்கலாம், ஆனா ஃபைல் நகராது. நான் எந்தப் பக்கம் எண்டு மருமகள் கேட்டவள். காணியும் வழக்கும் தீராத மட்டும் வெளியில நிக்கிறது சரி எண்டுதான் நான் நினைக்கிறன், ஆனா அப்பிடி நிக்கிறவர் எலக்சன் மேடையில ரோட்டும் வேலைவாய்ப்பும் தாறன் எண்டு சொல்லக்கூடாது, அதில எனக்குக் கோவம் வரும்.

அவள் போட்ட ஆள் அந்த 2024 எலக்சன்ல தோத்துப்போனார். சபையளுக்கும் அப்ப உறுப்பினர்மார் இல்லை, 2023 மார்ச்சோட காலம் முடிஞ்சு, வைக்க வேண்டிய எலக்சனையும் காசில்லை எண்டு தள்ளி, ரெண்டு வருசம் செயலாளர்மார்தான் நடத்தினவை. 2025 மே 6 எலக்சன்ல மனுசன் திரும்ப வட்டாரத்தில கேட்டு வெண்டிட்டார். அம்மம்மாவை விட்டே ரோட்டுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, மருமகள் கொண்டுபோய்ச் சபையில குடுத்து, சீல் குத்தின கொப்பியும் வாங்கிக்கொண்டு வந்தவள். "மாமா சொன்ன மாதிரி தோத்தது நல்லதாப் போச்சு" எண்டு சிரிக்கிறாள்.

இன்னொரு கடிதமும் எழுதி வைச்சிருக்கு. மச்சானின்ர வயல் எல்லையில ஒரு திணைக்களம் வந்து கல்லு நட்டிட்டுப் போட்டுது, அது சபையால ஆகாது, எம்பிக்குத்தான் போடோணும். எந்த எம்பிக்கு எண்டதில தங்கச்சிக்கும் மச்சானுக்கும் சண்டை, தங்கச்சி வீட்டுச் சின்னத்து எம்பிக்கு எண்டு நிக்கிறாள், மச்சான் திசைகாட்டிக்கு. ஆறு பேருக்கும் ஆறு கொப்பி போடுங்கோ எண்டு மருமகள் சொன்னதுதான் கடைசியா நிக்குது, இனி முத்திரை வாங்கோணும்.